மங்களம் படிக்காமல் இறங்கக் கூடாது

என் கூறைச் சேலையை என்னைவிட வடிவாக உடுத்தவர் ஒரு ஆம்பிளை. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு இருந்தது. கலியாணம் முடிந்து எட்டு மாதம். அந்தச் சேலையை நான் ஒரே ஒரு தரம்தான் உடுத்திருந்தேன். அதற்குள் என் புருஷனின் அக்காவின் புருஷன் வந்து, படலைக்கு வெளியே நின்றபடியே, "தங்கச்சி, உம்மடை கூறையை ஒருக்காத் தாரும். இளவரசிக்கு வேற சீலை இல்லை" என்று கேட்டார்.

பெருநாளுக்குப் போடுகிற கூத்தில் இளவரசி அவர்தான். ஆறடி மனுஷன். வலை இழுத்து இழுத்துத் தோள் அகன்று போயிருந்தது. முறைக்கு எனக்கு அண்ணை. வாசலில் வந்து நின்று கேட்பவருக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? எடுத்துக் கொடுத்துவிட்டு அறைக்குள் போயிருந்து அழுதேன்.

சேலைக்காக அழவில்லை. அந்தக் கூத்தில் இளவரசி கடைசியில் என்ன செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கடலில் செத்துப்போன காதலனை மடியில் போட்டு ஒப்பாரி வைக்கிறாள். அந்தக் காதலன் வேஷம் என் புருஷனுக்கு. என் கூறைச் சேலையின் மடியில் என் புருஷன் செத்துக் கிடக்கப் போகிறார். அவரோ விடிந்தால் கடலுக்குப் போகிற மனுஷன்.

நான் பரந்தன் பிள்ளை. அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது மூடின பிறகு வயலோடு நின்றுவிட்டார். எங்களுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்கால் தண்ணீர், முழங்காலுக்கு மேல் வராது. சின்ன வயதிலேயே பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவள் நான். பஸ் பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்டவளை, வேதக்காரப் பெடியன், குடி வெறி இல்லாதவன் என்று சொல்லி, முல்லைத்தீவுக் கரையில் கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் நின்றால் கடல். படுத்தாலும் காதுக்குள் கடல்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கரையை விட்டுத் தூரம் போகக் கூடாது என்று தடை இருந்தது. தூரம் போனால்தான் மீன் படும். எதுவரைக்கும் போகலாம் என்பது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வெளியில் நிற்கிற நேவிக் கப்பலில் இருந்து சூடு வந்தால், தாண்டிவிட்டோம் என்று தெரியும். என் புருஷன் விடிய முதல் வள்ளம் தள்ளுவார், ஒன்பது மணிக்குள் வருவார். ஒன்பது மணி மட்டும் என் வயிற்றுக்குள் ஒரு வாய்த் தேத்தண்ணிகூட இறங்காது. வந்து சேர்ந்ததும் என் முகத்தைப் பார்த்து, "பயந்திட்டீரோ?" என்று கேட்டுச் சிரிப்பார். அவர் பயந்து நான் கண்டதில்லை. பயப்பட வீட்டுக்கு ஒரு ஆள் போதும் என்கிற மாதிரி, முழுவதையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்.

எங்களுக்குள் பெரிய கதையும் இருக்கவில்லை. நல்ல மனுஷன், கோபம் வராது, சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். உப்புக் கூட, உப்புக் குறைய, நாளைக்குக் காற்றுக் கிடக்கும், வலை பொத்த வேணும். எட்டு மாதமும் இவ்வளவுதான் பேசினோம். நானும் அதைத்தான் குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கிடையில்தான் கூத்து வந்தது. சனம் சண்டையாலும் சாமான் இல்லாததாலும் சோர்ந்து கிடக்கிறது, பெருநாளுக்கு ஏதாவது செய்யுங்கோ என்று வேதக்கோயில் சுவாமியார் கேட்டாராம். ஊரில் கூத்து நடத்துகிறவரை அண்ணாவியார் என்பார்கள். எங்கள் அண்ணாவியார் மத்தளமும் அடிப்பார், பாட்டும் எடுத்துக் கொடுப்பார், பிழைவிட்டவனைப் பேசியும் தீர்ப்பார். அவர் தேர்ந்தெடுத்தது, இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரும் தொடாத ஒரு காதல் கூத்து. ராசாவின் மகளுக்கும் முத்துக் குளிக்கிறவனுக்கும் காதல். பெண் வேணுமென்றால் ஆழ்கடலில் கிடக்கிற பெரிய முத்தை எடுத்து வா என்கிறான் ராசா. அவன் முங்குகிறான். முத்தைப் பிடித்த கையோடு பிணமாகக் கரை ஒதுங்குகிறான். அவள் அவன் மேல் விழுந்து உயிரை விடுகிறாள். கதை இவ்வளவுதான். இதற்கு எழுபது பாட்டு.

எங்கள் வளவில் பெரிய புளியமரமும் குண்டுக்கு ஒளிக்கப் பெரிய பங்கரும் இருந்ததால் கூத்துப் பழக்கமெல்லாம் எங்கள் வளவில். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி, பொழுதுபட முடித்துவிடுவார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. வெளிச்சம் தெரிந்தாலும் ஆபத்து. கூத்துப் பழகுகிற இடத்துக்குப் பெண்கள் போகக் கூடாது, மேடையில் ஏறவே கூடாது. அது அந்தக் கரையின் வழக்கம். நானும் போகவில்லை. குசினிக்குள் இருந்தேன். கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் கூத்து, இந்தப் பக்கம் நானும் அடுப்பும்.

இரண்டு மாதத்துக்கு மேல் அப்படிக் கேட்டேன். தேங்காய் துருவும்போதும் கேட்டேன், மா வறுக்கும்போதும் கேட்டேன். ஒரு முகத்தையும் காணாமலே எழுபது பாட்டும் எனக்குப் பாடமாகிவிட்டது. அதிலே என் புருஷனின் குரல்! உப்புக் குறைய என்று சொல்கிற அதே தொண்டை,

முத்தொன்று கேட்டாரே உன் தந்தை – கண்ணே
மூச்சுள்ள மட்டும் நான் முங்குவேனே

என்று இழுக்கும்போது என் கை வேலையை விட்டுவிடும். இந்த மனுஷன் ஆருக்காக இப்படிப் படிக்கிறார்? பதில் பாட்டுப் படிக்கிற பெண்குரல் அண்ணையுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒல்லியான, நீண்ட பின்னல் போட்ட ஒருத்தியைத்தான் மனதுக்குள் நிறுத்தி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளில் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு நாள் மாமியும் நானும் குசினிக்குள் இருந்தோம். மாமி என்றால் என் புருஷனின் தாய். அதிகம் கதைக்க மாட்டா. நான் சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன்.

"ஏன் மாமி, இவ்வளவு நல்ல கூத்தை இருவது வருசமா ஒருத்தரும் போடேல்லை?"

மாமி சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை.

"போனமுறை முத்துக் குளிக்கிறவனுக்கு இவன்ரை தேப்பன்தான் ஆடினவர். கடைசியிலை மழை பிடிச்சிட்டுது. மங்களம் படிக்கேல்லை. எல்லாரும் இறங்கி ஓடிட்டினம். அந்த வாடைக்காத்துக்கை கடலுக்குப் போனவர் திரும்பி வரேல்லை."

மாமனார் கடலோடு போனவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு கூத்து இருந்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மங்களத்துக்கும் இதுக்கும் என்ன என்று கேட்டேன். மாமி ஒவ்வொரு மீனாகச் சட்டிக்குள் போட்டபடி சொன்னா. கதையில் செத்தவர்கள், கதை முடிந்ததும் மேடையில் கிடக்க வேண்டும். அண்ணாவியார் மங்களம் தொடங்க வேண்டும். அந்தப் பாட்டுக்கு அவர்கள் எழும்பி நின்று, கூடப் படித்து முடித்த பிறகுதான் மேடையால் இறங்கலாம். செத்தபடி இறங்கினால் சாவும் கூடவே இறங்கி வீட்டுக்கு வந்துவிடும்.

"நீங்கள் அதை நம்புறியளோ மாமி?"

"கூத்தாலை ஆரும் சாகிறேல்லைப் பிள்ளை. கடலாலைதான் சாகிறது. உந்தச் சட்டியை இஞ்சாலை தள்ளு."

அந்தக் கூத்தின் பாட்டெல்லாம் எழுதின கொப்பியை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் இருபது வருஷமாக வைத்திருந்ததும், மகன் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்ததும் இதே மாமிதான். நம்பியிருந்தால் கொடுத்திருப்பாவா? நம்பாவிட்டால் ஏன் அவ்வளவு காலம் ஒளித்து வைத்தா? எனக்கு அந்த மனுஷியின் மனம் பிடிபடவில்லை.

என் மனம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சோற்றுப் பானையைப் பார்த்தாலும் மங்களம், செபமாலையைக் கையில் எடுத்தாலும் மங்களம். புருஷனிடம் கேட்டேன்.

"உங்கடை அப்புவின்ரை கதை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ ஆடப் போறியள்?"

"உமக்கு ஹெலிகொப்டருக்கும் பயம், கப்பலுக்கும் பயம். இப்ப கூத்துக்கும் பயம். இனி என்ரை சைக்கிளுக்கும் பயப்படும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று அண்ணாவியாரிடம் போனேன். புதுப் பொம்பிளை, ஊருக்குப் புதியவள், தனியப் போய் நிற்கிறேன். மங்களம் கட்டாயம் படிப்பியளோ என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"பிள்ளை, மங்களம் படிக்காமல் ஒருத்தனையும் நான் மேடையாலை இறக்க மாட்டன். மழை பெய்தாலும் இறக்கமாட்டன். நீர் பயப்பிடாமல் வந்து கூத்தைப் பாரும்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெருநாள் மட்டும் இருந்தேன்.

பெருநாள் அன்று பூசை முடிந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் கூத்து. பகலில் கூத்தா என்று வயதானவர்கள் முணுமுணுத்தார்கள். வேறு வழி இல்லை. மேடையைக் கோயில் வெளியில் போடாமல், பூவரச மரங்களின் கீழ் நிழலுக்குள் போட்டிருந்தார்கள், மேலே இருந்து தெரியாமல் இருக்கட்டும் என்று. பனங்குற்றி நட்டு, அதன் மேல் பழைய வள்ளத்துப் பலகை. பார்க்க வருகிறவர்கள் வெள்ளை உடுப்புப் போட வேண்டாம் என்று பூசையில் சுவாமியாரே சொல்லியிருந்தார். ராசாவின் முடி பால்மாப் பேணித் தகரம். கடல், இடம்பெயர்ந்த சனத்துக்குக் கூடாரம் போடக் கொடுத்த நீலத் தறப்பாள். அதிலே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்ததை உள்பக்கம் வரும்படி மடித்திருந்தார்கள்.

மாமி வரவில்லை. "நான் பாத்த கூத்துத்தானே" என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டா.

எனக்குப் பக்கத்தில், மலைநாட்டில் இருந்து வந்து உள்ளே காடு வெட்டிக் குடியேறியிருந்த குடும்பங்கள் இருந்தன. கருவாட்டுக்கும் மரக்கறிக்கும் எங்கள் ஊரோடு பழக்கமான சனம். அவர்களும் இந்தக் கூத்தை முதல் முறை பார்க்கிறார்கள், நானும் முதல் முறை பார்க்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம், அடுத்து வரும் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்.

இளவரசி வந்தா. சனம் சிரித்த சிரிப்பில் பூவரசில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் போயின. என் கூறை, என் பொட்டு, மீசை இருந்த இடத்தில் ஒரு பச்சை நிழல், கையெல்லாம் மயிர். பக்கத்தில் இருந்த மலைநாட்டு அக்கா என் தொடையில் தட்டி, "ஏங்க, அது பொம்பளதானுங்களா?" என்று கேட்டா.

"இல்லை. என்ரை அண்ணை" என்றேன்.

"அடி ஆத்தி!" என்று வாயில் கைவைத்தா.

நானும் சிரித்தேன். இரண்டு மாதமாக எரிச்சல்பட்டது இவரிலா என்று வயிறு குலுங்கச் சிரித்தேன். ஆனால் அண்ணை வாயைத் திறந்து படிக்கத் தொடங்கிய பிறகு, மூன்றாம் பாட்டோ நாலாம் பாட்டோ, ஒருவரும் சிரிக்கவில்லை. கழுத்தைச் சரித்து, முந்தானையை இரண்டு விரலால் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆறடி உடம்புக்குள் இருந்து, நான் குசினிக்குள் வைத்திருந்த அதே ஒல்லிப் பெண் வெளியே வந்தாள். அக்கா வாயில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

பிறகு என் புருஷன் வந்தார். இடுப்பில் சிவப்புப் பட்டி, நெஞ்சில் சிப்பி மாலை. மேடையின் நடுவில் வந்து நின்று அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை எட்டு மாதத்தில் நான் ஒரு நாளும் கண்டதில்லை. இந்த முகத்துக்குள் இதுவும் கிடந்ததா? கிடந்தால் எனக்கு ஏன் தரவில்லை? மீசை வழித்த அண்ணையில் எனக்கு வந்த பொறாமையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்புத்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது.

காதல் நடக்க நடக்க எத்தனையாவது பாட்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தாறு, ராசாவின் கட்டளை. அறுபது, விடைபெறுகிற பாட்டு. அறுபத்தொன்றுக்குத் தறப்பாள் வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து உதற, நீலம் எழும்பி எழும்பி விழுந்தது. அவர் அதற்குள் இறங்கினார். இடுப்புக்கு மேல் தெரிந்தது, தலை தெரிந்தது, பிறகு ஒரு கை. பிறகு அதுவும் இல்லை. நான் எழும்பி நின்றிருக்கிறேன். அக்கா பிடித்து இருத்தினா.

தறப்பாளை இழுத்து எடுத்தபோது அவர் மேடையில் மல்லாந்து கிடந்தார். தறப்பாளுக்குள் வைத்தே முகத்தில் சாம்பல் பூசிவிட்டிருந்தார்கள். உதட்டுச் சிவப்பைத் துடைத்திருந்தார்கள். இளவரசி விழுந்து புரண்டு அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள், என் கூறையில். ஒப்பாரி தொடங்கியது. சனம் முழுக்க அழுதது. வீட்டுக்கு வீடு கடலுக்கும் சண்டைக்கும் கொடுத்த சனம், அழக் கேட்கவா வேண்டும்? நான் அழவில்லை. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று பாட்டு. இன்னும் இரண்டு. அவளும் விழுந்து செத்தாள். அண்ணாவியார் மத்தளத்தைத் திருப்பி மடியில் வைத்து, தொண்டையைச் செருமினார். இனி மங்களம்தான்.

அப்போது அவருடைய கை அப்படியே நின்றது. தலையைச் சரித்துக் காது கொடுத்தார். சனமும் காது கொடுத்தது. அந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் காதுதான் கண். முதலில் ஒரு ஈ பறக்கிற அளவுக்கு, பிறகு கடற்பக்கம் இருந்து தடதடவென்று.

"ஹெலி!"

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்மார். அக்காவின் கை என் கையை விட்டுப் போனது. செத்தவர் மேடையால் குதித்து, சனத்துக்குள் நேராக என்னிடம் வந்து, மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கோயிலுக்குப் பின்னால் இருந்த பங்கருக்குள் விழுந்தோம். ஆறு பேர் இருக்கிற பங்கரில் பன்னிரண்டு பேர். கடைசியாக இளவரசியும் வந்து விழுந்தா.

மேலே அது சுற்றியது. ஊருக்குப் பின்னால் களப்புத் தண்ணீர்ப் பக்கமாகச் சுட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. பங்கருக்குள் ஒருவர், "இளவரசி, உன்ரை முடியைக் கழட்டு, கண்ணைக் குத்துது" என்றார். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். என் புருஷனும் சிரித்தார். மண் படியில் இருந்து வந்த கொஞ்ச வெளிச்சத்தில் அவருடைய சாம்பல் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவருடைய மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. ஆனால் அவர் செத்தபடி இறங்கிவிட்டார். மேடையால் இறங்கிவிட்டார். எனக்கு வேறு ஒன்றும் யோசனையில் இல்லை. ஹெலிகூட இல்லை.

அரைமணித்தியாலத்தில் அது போய்விட்டது. ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, தேவனுக்குத் தோத்திரம். ஆனால் கூட்டம் கலைந்துவிட்டது. மலைநாட்டுச் சனம் வந்த உழவு மெசினில் ஏறிப் போய்விட்டார்கள். கூட்டம் கூட வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குப் போங்கோ என்று சுவாமியார் சொல்லிவிட்டார். மத்தளத்தைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்த அண்ணாவியாரிடம் ஓடினேன்.

"நீங்கள் எனக்குச் சொன்னனியள்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மழையெண்டால் நனைஞ்சு நிண்டிருப்பன் பிள்ளை. இது திரும்பி வந்தால் சனத்துக்கு நான்தானே பொறுப்பு. பிறகொரு நாளைக்கு எல்லாரும் கூடிப் படிப்பம்."

"பிறகெப்ப? விடிய இவர் கடலுக்குப் போறார்."

அவர் மத்தளத்துத் துணியை இறுக்கி முடிந்து தூக்கிக்கொண்டு போனார். அண்ணை சேலையை மடித்துக் கொண்டுவந்து கையில் தந்தார். சாரத்தோடு நின்றார், பொட்டு மட்டும் அழியாமல் இருந்தது. அவருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க மனுஷியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

என் புருஷன் கோயில் கிணற்றடியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். அதிக நேரமாகக் கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கள் எழும்பேல்லை" என்றேன்.

"எழும்பாமலே ஓடினனான்? ஊரிலை முதல் முதல் ஓடின செத்தவன் நான்தான்."

"பகிடி விடாதையுங்கோ. வந்து மேடையிலை படுங்கோ."

"விசரே உமக்கு? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?"

எனக்கு அப்போது வந்த கோபம் வாழ்க்கையில் அதற்கு முதலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. நடந்து போய் அந்த மேடையில் ஏறினேன். பெண்கள் ஏறாத மேடை. பலகை கீச்சிட்டது. நடுவில் போய் இருந்தேன். சூரியன் இன்னும் விழவில்லை, களப்புப் பக்கம் சிவந்து கொண்டிருந்தது. அவர் கிணற்றடியில் நின்று பார்த்தார், வந்து கீழே நின்று பார்த்தார்.

"இறங்கும்."

"நீங்கள் படுத்தால்தான் இறங்குவன்."

"பொழுதுபடுகுது. அம்மா தேடுவா."

"தேடட்டும்."

கடைசியில் அவர் ஏறி வந்தார். சாரத்தைச் சரி பண்ணிக்கொண்டு, முன்பு கிடந்த இடத்திலேயே மல்லாந்து படுத்தார். கண்ணுக்கு மேல் கையை மடித்து வைத்துக்கொண்டார். மத்தளம் இல்லை, சனம் இல்லை. நான் தொண்டையைத் திறந்தேன். கோயிலில்கூடப் பின் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறவள் நான்.

கரைசேர்ந்த பேருக்கெல்லாம் மங்களம் – இன்னும்
கரைசேராப் பேருக்கும் மங்களம்
வலைபோட்ட கைகளுக்கும் மங்களம் – அவர்
வழிபார்த்த கண்களுக்கும் மங்களம்

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் ஒரு சொல் பிழைக்கவில்லை. முடித்துவிட்டு, "எழும்புங்கோ" என்றேன்.

எழும்பவில்லை.

"இஞ்சேருங்கோ, விளையாடாதையுங்கோ." தோளில் ஒரு அடி போட்டேன். கண்ணை மறைத்த கையை அவர் எடுக்கவில்லை. குனிந்து கையைப் பிடித்து இழுத்தபோதுதான், கைக்குக் கீழே இரண்டு பக்கமும் காதை நோக்கிக் கண்ணீர் வழிந்து கிடந்தது தெரிந்தது.

"கொஞ்சம் பொறும். கால் நடுங்குது" என்றார்.

பிறகு, ஆகாயத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பு போகேக்கை எனக்கு நாலு வயசு. உந்த மங்களக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் வளந்தனான். கிணத்தடியிலை முகம் கழுவேக்கை நினைச்சன், விடிய வள்ளத்திலை கால் வைக்க மாட்டன் எண்டு. உம்மட்டைச் சொல்ல வெக்கமாக்கிடந்தது. ஒவ்வொரு நாளும் போகேக்கை பயம்தான். வந்து உம்மடை முகத்தைக் கண்ட பிறகுதான் எனக்குச் சிரிப்பு வாறது."

நான் அவர் தலையை எடுத்து மடியில் வைத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை மாதமும் இந்த மனுஷனில் எனக்கு மரியாதை இருந்தது, பயம் இருந்தது, உரிமை இருந்தது. அன்பு அந்தப் பலகையில் வைத்துத்தான் வந்தது. அவருடைய தலை பாரமாக இருந்தது, ஈரமாக இருந்தது. மூக்கோரத்தில் கொஞ்சம் சாம்பல் இன்னும் போகாமல் இருந்தது.

"இன்னொருக்காப் படியும்" என்றார். "இந்த முறை எழும்புறன்."

படித்தேன். இரண்டாம் வரியில் எழும்பி இருந்தார். மூன்றாம் வரியில் நின்றார். நாலாம் வரியை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். அவர் முதலில் இறங்கி, எனக்குக் கை தந்து இறக்கிவிட்டார். சேலையை நான் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் கடற்கரை மணலால் நடந்து வந்தோம்.

வீட்டுப் படலையடியில் மாமி நின்றா. ஹெலி வந்தது, அடித்தது, நாங்கள் பிந்தி வருகிறோம், எங்கே போனீர்கள் என்று பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். மாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு என்னிடம் மட்டும், ரகசியம் கேட்கிற மாதிரிக் கேட்டா.

"எழும்பினவனே?"

"ஓம் மாமி. எழும்பிப் படிச்சிட்டுத்தான் இறங்கினவர்."

மாமி அப்படியே படலையைப் பிடித்தபடி மண்ணில் குந்திவிட்டா. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத்தான் அவவை எழுப்பி உள்ளே கூட்டிப் போனோம்.